லைட் டெஸ்ட்டுக்கு நின்றவர்

சிறுசேரி
2025 ஆகஸ்ட் 2, சனி, காலை 10.40

ரூத்,

வந்த படங்கள் 71. வேலைக்கு ஆகிறது 3.

கோவிச்சுக்காம படி. போன்ல பேசினா நான் குறுக்க குறுக்கப் பேசறேன்னு நீதான் லெட்டர் எழுதச் சொன்ன. எழுதறேன். தமிழ்ச்செல்வி தினமும் செங்கல்பட்டுல இருந்து எங்க ஆபீஸ் பஸ்ல வர்றதால போஸ்ட்மேன் வேலையும் நடக்குது. இனிமே படத்தையும் மெமரி கார்டுல போட்டு அவகிட்டயே குடுத்து விடு. வாட்ஸப் வேணாம். அது படத்தைப் பிழிஞ்சு சக்கையைத்தான் அனுப்பும். சக்கையை வெச்சு உங்கப்பா முகத்தை நான் கட்ட முடியாது.

கம்ப்யூட்டர் கேமுக்கு மனுஷ முகம் செய்யறது என் தொழில். ஆனா அங்கெல்லாம் ஆள் உயிரோட முன்னாடி உக்காந்திருப்பான். உங்கப்பா ஜெயக்குமாரை நான் பாத்ததே இல்ல. நம்ம பழக்கத்துக்கு முந்தின வருஷமே போயிட்டார். பாத்திருந்தா ஞாபகத்துல இருந்து கொஞ்சம் இட்டு நிரப்புவேன். பாக்காதவன் படத்தைத்தான் நம்பணும். படத்துல இல்லாததை ஊகிக்கணும். ஊகிச்சா வர்றது உங்கப்பா இல்ல, வேற யாரோ ஒரு வேன் டிரைவர்.

நம்ம ரிசப்ஷன் மேடை பக்கத்துத் திரையில அப்பா இருபது செகண்டு நிக்கணும், சிரிக்கணும், தலையாட்டணும்னு கேட்டது நீ. பன்னெண்டு அடித் திரை. அந்த சைஸ்ல மூக்கு கொஞ்சம் தப்பினா மண்டபம் முழுக்கத் தெரியும்.

நீ அனுப்பினது என்ன லட்சணம்னு சொல்றேன். பாதிப் படத்துல ஃபில்டர். அம்பத்தஞ்சு வயசு மனுஷனுக்குக் கைக்குழந்தைக் கன்னம். ஒண்ணுல நாய்க் காது வேற. கண்ணீர் அஞ்சலி பேனர் படத்துல எவனோ கோட்டு போட்டவன் உடம்புல தலையை ஒட்டியிருக்கான். கிறிஸ்துமஸ் படத்துல கூலிங் கிளாஸ். கண்ணே இல்லாம கண்ணை எப்படிச் செய்யறது?

எனக்கு வேணுங்கறது: நேர் முகம். ரெண்டு பக்கமும் லேசாத் திரும்பினது. முழுப் பக்கவாட்டு. நிழல் விழாத சீரான வெளிச்சம். பல்லு தெரியச் சிரிச்சது ஒண்ணு, வாயை மூடினது ஒண்ணு. செல்ஃபி வேணாம். கிட்ட வெச்சு எடுத்தா மூக்கு பெருசாகி காது பின்னாடி ஒளிஞ்சுக்கும்.

சீக்கிரம். அக்டோபர் கடைசி கல்யாணம். ரெண்டு மாச வேலை இருக்கு.

ஜெரோம்


செங்கல்பட்டு
ஆகஸ்ட் 6

ஜெரோம்,

எங்க ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கும்போது பேஷண்ட் அசைஞ்சுட்டா திரும்ப எடுப்போம். எங்கப்பாவைத் திரும்ப எடுக்க முடியாது. அதை ஞாபகம் வெச்சுக்கிட்டு எழுது. நாய்க் காது வெச்சது நான். அவர் போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி. "இன்னொரு வாட்டி காமி, இன்னொரு வாட்டி காமி"ன்னு சிரிச்சார்.

அப்பாவோட பழைய போனைத் தேடி எடுத்து அதுல இருந்ததை மொத்தமா இந்தக் கார்டுல போட்டிருக்கேன். எல்லாம் நீ வேணாம்னு சொல்ற செல்ஃபிதான்.

நீ கேக்கற மாதிரி படம் ஒரே இடத்துலதான் இருக்கு. மாமல்லபுரத்துல ஷ்யாம்னு ஒரு போட்டோகிராஃபர். கல்யாணத்துக்கு முன்னாடி ஜோடிங்களைக் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போய் எடுப்பாங்களே, அந்த வேலை. நாலு வருஷம் அப்பா வேன்தான் அவருக்கு ஓடிச்சு. பொண்ணும் மாப்பிள்ளையும் வேனுக்குள்ள டிரஸ் மாத்திட்டு வர்ற வரைக்கும், வெளிச்சம் சரியா இருக்கான்னு பாக்க அப்பாவைத்தான் நிக்க வெப்பார். பொண்ணு நிக்க வேண்டிய இடத்துல அப்பா நிப்பார், கையில ஒரு சாம்பல் கலர் அட்டையைப் புடிச்சுக்கிட்டு. "நைனா, கொஞ்சம் வெக்கப்படு நைனா"ம்பார் ஷ்யாம். அப்பா வெக்கப்படுவார். வேனுக்குள்ள இருந்து பொண்ணுங்க சிரிக்கறது வெளிய கேக்கும்.

எதையும் அழிக்காம வெச்சிருக்கார்னு கேள்விப்பட்டேன். கேக்கட்டுமா?

ரூத்


சிறுசேரி
ஆகஸ்ட் 9

ரூத்,

வேணாம்.

ஒன்றரை வருஷமா பழகறோம். இந்த ஷ்யாம் பேரு இப்பத்தான் வருது. "ஒரு போட்டோகிராஃபர்"னு ஆரம்பிக்கற, நாலு வரி தாண்டறதுக்குள்ள "வெப்பார்", "வெச்சிருக்கார்"னு மரியாதை ஏறிக்கினே போகுது. நைனாவாம். அவனுக்கு என்ன பாத்தியதை? பெத்த பையன் கூப்பிடலாம். இல்ல, மருமகனாகணும்னு சுத்தறவன் கூப்பிடுவான்.

எப்படியும் கல்யாண போட்டோக்காரன் படம் எனக்கு உதவாது. கன்னத்தை மினுக்கி, வானத்தை ஆரஞ்சு ஆக்கி வெச்சிருப்பான். நீ குடுத்த செல்ஃபி நாப்பது இருக்கு. அது போதும். செஞ்சு காட்டறேன்.

செல்ஃபி வேணாம்னு போன லெட்டர்ல எழுதினது நான்தான். தெரியும். எடுத்துக் காட்ட வேணாம்.

ஜெரோம்


செங்கல்பட்டு
ஆகஸ்ட் 25

ஜெரோம்,

நேத்து ஞாயித்துக்கிழமை புதுப்பட்டினம் போய் நீ செஞ்சு அனுப்பின முகத்தை அம்மாவுக்குக் காட்டினேன். அம்மா கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு கிட்ட வந்து பாத்துச்சு. அப்புறம், "யார்மா இவுரு? உங்கப்பா சொந்தத்துல எனுக்குத் தெரியாம ஒர்த்தரு கீறாரா?"ன்னு கேட்டுச்சு.

சிரிப்பு வந்துச்சு. அம்மா மூஞ்சியைப் பாத்ததும் நின்னுபோச்சு.

மூக்கு, காது எல்லாம் விடு. அப்பாவுக்குப் புருவத்துல வெட்டு வலது பக்கம். நீ இடது பக்கம் வெச்சிருக்க. வகிடும் மாறிப்போச்சு. "எதிர்ல நின்னா அந்த வெட்டு என் இந்தக் கைப்பக்கம் வரும்"னு அம்மா இடது கையைத் தூக்கிக் காட்டுச்சு. முப்பது வருஷம் எதிர்ல நின்னு சோறு போட்டது அது. செல்ஃபி கண்ணாடி மாதிரி இடம் வலம் மாத்திக் காட்டும்னு எனக்கே தெரியும். முகம் செய்யறதே வேலையா இருக்கற உனக்குத் தெரியாதா? ஆகும்னு நீயே சொன்ன அந்த மூணு படத்தோட ஒரு தடவை ஒப்பிட்டிருந்தா பிடிச்சிருக்கலாம். உனக்கு அவசரம். யாரோ ஒருத்தரைத் தோக்கடிக்கற அவசரம்.

அதனால உன்னைக் கேக்காமயே ஷ்யாம் கிட்டப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். "நைனாவுக்குன்னா எதுக்கு ரூத் இவ்ளோ தயங்குற?"ன்னு ஹார்ட் டிஸ்க்கையே தூக்கிக் குடுத்துட்டார். தமிழ்ச்செல்வி கையில வருது. கீழ போட்டு உடைச்சுடாதே. உடைக்கணும்னு தோணும்.

ரூத்


சிறுசேரி
ஆகஸ்ட் 30, சனி, மதியம் 1.15

ரூத்,

412 படம். எல்லாத்தையும் பாத்தேன்.

செல்ஃபி விஷயம் என் தப்பு. இப்ப வர்ற போன் படத்தைத் தானே நேராக்கிடும். உங்கப்பா போன் பழசு, நேராக்காம அப்படியே வெச்சிருக்கு. பாக்காம விட்டேன்.

இப்ப இதைக் கேளு. எங்க ஆபீஸ்ல ஒரு ஆளைப் பதிவு பண்ண அறுபது கேமராவைக் கூண்டு மாதிரி சுத்தி வெப்பாங்க. ஒரு நாள், ஒரே வெளிச்சம், ஆள் பொம்மை மாதிரி உக்காந்திருப்பான். இங்க ஒரே மனுஷன் நாலு வருஷம் நின்னிருக்கார். விடியற வெளிச்சம், மேகமூட்டம், உச்சி வெயில். நேர், பக்கம், முக்கால். எல்லாத்துலயும் கையில அந்தச் சாம்பல் அட்டை. அதோட நிறம் எனக்குத் தெரியும். அதை வெச்சுத்தான் வெளிச்சத்தோட சாயத்தைக் கழிச்சுட்டு தோலோட நிஜ நிறத்தைப் பிடிக்கணும். ஷேவ் பண்ணாத நாள்ல மோவாயில எந்த முடி முதல்ல நரைச்சதுன்னுகூட என்னால சொல்ல முடியும். சிரிக்கும்போது இடது கண்ணு முதல்ல சுருங்குது, வலது பின்னாடி வருது. அதுதான் உங்கப்பா. எந்த செல்ஃபியிலயும் அது இல்ல.

வேற எவன் எடுத்திருந்தாலும் அவன் கையைப் புடிச்சுக் கண்ணுல ஒத்தியிருப்பேன்.

பிரச்னை என்னன்னா, உங்கப்பா கேமராவைப் பாக்கல. கேமராவுக்கு ஒரு சாண் மேல பாக்கறார். அங்க அவன் மூஞ்சி இருக்கு. முதல்ல இருந்து கடைசி வரைக்கும் அவனைப் பாத்துத்தான் சிரிக்கறார். அந்தச் சிரிப்பை நான் நோகாம எடுத்து, பன்னெண்டு அடிக்கு வளத்து, என் கல்யாணத்துல என் பக்கத்துல நிக்க வெக்கணும். வந்தவன் எல்லாம் மாமனார் மருமகனைப் பாத்துச் சிரிக்கறார்னு நெனைப்பான். எனக்கு மட்டும் தெரியும்.

இன்னொண்ணு. 214-வது படத்துல கருவிழியைப் பெருசு பண்ணிப் பாத்தேன். வேலைக்காகத்தான், கண்ணு செய்யணும்னா அப்படித்தான் பாக்கணும். உள்ள வெள்ளைக் குடை தெரியுது. அவன் தெரியறான். அவன் பக்கத்துல சுடிதார் போட்ட ஒரு பொண்ணு. 215-ல அந்தப் பொண்ணு வந்து கல்யாணப் பொண்ணு நிக்கிற இடத்துல நிக்குது. அட்டை கையில. காத்துல முடி மூஞ்சியில விழுது. நீ.

215 முதல் 239 வரைக்கும் நீ. இருபத்தஞ்சு படம். உங்கப்பாவுக்கு ஒரு நாளைக்கு அஞ்சு, ஆறு தாண்டல. வெளிச்சம் பாக்க எவனாவது இருபத்தஞ்சு படம் எடுப்பானா?

நல்ல படம் வேணும்னு கேட்டது நான்தான். இவ்வளவு நல்லா இருக்கும்னு நெனைக்கல.

ஜெரோம்


செங்கல்பட்டு
செப்டம்பர் 4

ஜெரோம்,

இருபத்தஞ்சுதான். எண்ணினதுக்கு நன்றி.

அன்னிக்கு எனக்கு லீவு. சும்மா அப்பா வேன்ல ஏறிப் போனேன். நெம்மேலி தாண்டி சவுக்குத் தோப்புக்கு முன்னாடி ஷூட்டிங். அப்பா ஒரு படத்துக்கு நின்னுட்டு டயருக்குக் காத்து புடிக்கப் போயிட்டார், ஷ்யாம் என்னை நிக்கச் சொன்னார். ஆறாவது படத்துலயே எனக்குப் புரிஞ்சுபோச்சு. அடுத்த வாரம் நேரா வந்து கேட்டார். வேணாம்னு சொன்னேன். சரின்னுட்டுப் போயிட்டார். அப்பாவோட பழக்கத்தை மட்டும் விடல. இதுல ஒளிக்கவும் ஒண்ணும் இல்ல, கூப்பிட்டுச் சொல்லவும் ஒண்ணும் இல்லைன்னு விட்டுட்டேன்.

ஏன் வேணாம்னு சொன்னன்னு கேக்காதே. புடிக்கல. உன்னைப் புடிச்சதுக்கும் காரணம் கிடையாது. இந்த லெட்டரையெல்லாம் படிக்கும்போது சுத்தமா கிடையாது.

அம்மா தினமும் போன்ல கேக்குது, "உங்கப்பா எப்பம்மா ரெடியாவாரு?"ன்னு. தையக்காரன் கிட்டத் துணி குடுத்த மாதிரி. அதுக்குப் பதில் சொல்றது நான்.

முடிச்சுக் குடு. நிக்கணும், சிரிக்கணும், தலையாட்டணும். வேற ஒண்ணும் வேணாம். முடியலைன்னா இப்பவே சொல்லிடு.

ரூத்


சிறுசேரி
செப்டம்பர் 20

ரூத்,

முடிஞ்சுது.

நேத்து நானே புதுப்பட்டினம் போய் அத்தை வீட்டு டிவியில போட்டுக் காட்டினேன். நீ டியூட்டியில இருந்த. அத்தை எந்திரிச்சு நின்னுட்டாங்க. டிவிக்கிட்டப் போய் அந்தப் புருவத்து மேல விரலை வெச்சாங்க. "அவருதான்"னாங்க. அதுக்கப்புறம் என்னை உக்கார வெச்சு வஞ்சிரம் வறுத்துப் போட்டாங்க.

உனக்கும் ஒரு காப்பி இதோட வருது. இருபது செகண்டு முப்பத்தஞ்சு ஆயிடுச்சு. உங்கப்பா போன்ல வாய்ஸ் நோட்டும் இருந்துச்சு. அதை வெச்சுக் குரலும் செஞ்சேன். சின்னதா ஒண்ணு சேத்திருக்கேன். பாரு, சந்தோஷப்படுவ.

அவன் படம் இல்லாம இது வந்திருக்காது. எழுதக் கை கூசுது. எழுதிட்டேன்.

ஜெரோம்


செங்கல்பட்டு
செப்டம்பர் 24

ஜெரோம் அவர்களுக்கு,

பாத்தேன். நாலு தடவை பாத்தேன். எங்கப்பாதான். ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் பயமா இருக்கு.

"ஜெரோம், நான் தேடின மாப்பிள்ளை நீதாம்பா. வேற யாருக்கும் என் பொண்ணைக் குடுத்திருக்க மாட்டேன்." இதை எழுதினது யாரு? எங்கப்பாவுக்கு உங்க பேரே தெரியாது. அவர் வாயைத் திறந்து உங்க பேரை உள்ள வெச்சிருக்கீங்க. கண்ணையும் திருப்பி மாப்பிள்ளை நிக்கற பக்கம் பாக்க வெச்சிருக்கீங்க.

முதல்ல செஞ்சீங்களே ஒரு பொம்மை, அது இதைச் சொல்லியிருந்தா அம்மா சிரிச்சிருக்கும். மூஞ்சி தப்பா இருந்தா அது சொல்றதை யாரும் நம்ப மாட்டாங்க. இப்ப ஒவ்வொரு சுருக்கமும் சரியா இருக்கு. பக்கத்து வீட்டு மார்கரெட் அக்கா வந்து பாத்தாங்க, சபையில இருந்து பொம்பளைங்க எல்லாம் வந்து பாத்தாங்க. அம்மா ஒவ்வொருத்தருக்கும் போட்டுக் காட்டுது. "கம்ப்யூட்டர்ல செஞ்சதுதாம்மா"ன்னு சொன்னேன். "செஞ்சதுதான், எனுக்குத் தெரியாதா? ஆனா அவுரு மூஞ்சி பொய் சொல்லாதுடி"ன்னுச்சு.

உங்களுக்கு ஒண்ணு தெரியணும். அப்பாவுக்கு ஷ்யாமைத்தான் புடிச்சிருந்தது. ரொம்ப. நான் வேணாம்னு சொன்னதும் என்னோட பல மாசம் பேசல. போறதுக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் திரும்பப் பேசினார். அதுவும் மனசு மாறி இல்ல, கோவம் அலுத்துப்போய். அவர் மனசு மாறினதா அம்மாவுக்கு ஒரு ஞாபகமும் கிடையாது. ரெண்டு வருஷமா அதுதான் அம்மாவுக்குக் குறை. நீங்க முப்பத்தஞ்சு செகண்டுல அந்தக் குறையைத் தீத்துட்டீங்க, பொய்யால.

ஷ்யாம் எங்கப்பாவை நாலு வருஷம் வெச்சிருந்தார். ஒரு வார்த்தை அவர் வாயில வெக்கல.

எங்கப்பா உங்களைப் பாத்திருந்தா அவருக்குப் புடிச்சிருக்குமோ, இல்லையோ. எனக்குப் புடிச்சது. அது போதாதுன்னுதானே இறந்துபோனவர் கிட்டக் கையெழுத்து வாங்கப் போனீங்க?

வர்ற ஞாயிறு சபையில நமக்கு முதல் ஓலை வாசிக்கணும், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம்னு. பாஸ்டர் பேர் கேட்டிருக்கார், நான் இன்னும் குடுக்கல. அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். அந்த மூஞ்சியைக் குடுத்தவர்தான் போய் அதைத் திரும்ப வாங்கணும்.

ரூத்


சிறுசேரி
2025 செப்டம்பர் 26, வெள்ளி, மாலை 5.50

ரூத்,

உன் லெட்டரை மூணு தடவை படிச்சேன். முதல் தடவை ஷ்யாம் பேரு எத்தனை இடத்துல வருதுன்னு பாத்தேன். நான் அப்படித்தான் இருக்கேன். ரெண்டாவது தடவைதான் "எனக்குப் புடிச்சது"ன்னு நீ எழுதியிருந்தது கண்ணுல பட்டுச்சு. நடந்து முடிஞ்ச மாதிரி எழுதியிருக்க. மூணாவது தடவை அதையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

அந்த ரெண்டு வரியை எழுதும்போது தப்புன்னு எனக்குத் தோணல. அவர் என்னைப் பாக்கலையே, பாத்திருந்தா சொல்லியிருப்பார்னு நானே முடிவு பண்ணிட்டேன். படத்துல இல்லாததை ஊகிக்கக் கூடாதுன்னு உனக்குப் பாடம் எடுத்தவன் நான். மூக்கையும் காதையும் ஊகிக்கல. அவர் மனசை ஊகிச்சேன். அதுக்கு அந்த 412-ல ஒரு படம்கூட ஆதாரம் இல்ல. இருந்த ஆதாரம் எல்லாம் அவன் பக்கம்.

பொறாமைதான். வேற பேரு வெக்க முடியாது. இன்னும் போகல. போயிடுச்சுன்னு எழுதினா அதுவும் இன்னொரு பொய்.

தமிழ்ச்செல்வி பஸ்ஸைப் பிடிக்கக் கீழ நிக்கறா, அதனால சுருக்கமா, செய்யப்போறதை மட்டும் எழுதறேன்.

1. நாளைக்குக் காலையில புதுப்பட்டினம். அத்தைகிட்ட உக்காந்து சொல்லுவேன்: முகம் மாமாவோடது, குரல் மாமாவோடது, பேச்சு என்னோடது. மாமா அப்படிச் சொல்லவே இல்ல.

2. நான் அவங்ககிட்ட விட்டுட்டு வந்த பென்டிரைவுல இருக்கறதை அவங்க எதிர்லயே அழிப்பேன். "இருந்துட்டுப் போவட்டும் தம்பி"ம்பாங்க. அழுவாங்க. அப்பவும் அழிப்பேன். அதுக்கப்புறம் அவங்க என்ன பேசினாலும் குறுக்க பேசாம கேப்பேன்.

3. மார்கரெட் அக்கா வீட்டுக்கும் போவேன். சபைப் பொம்பளைங்க யார் யார் பாத்தாங்கன்னு கேட்டு, ஒவ்வொருத்தர் கிட்டயும் இதையே சொல்லுவேன்.

4. புதுசா இருபது செகண்டு. நிப்பார், சிரிப்பார், தலையாட்டுவார். கண்ணைத் திருப்ப மாட்டேன். கேமராவுக்கு மேல யாரைப் பாத்தாரோ அவனையே பாக்கட்டும்.

5. ஹார்ட் டிஸ்க்கை மாமல்லபுரம் போய் நானே திருப்பிக் குடுப்பேன். படம் எடுத்தது ஷ்யாம்னு திரையில பேரு வரும். சின்ன எழுத்துல. இன்னிக்கு என்னால முடிஞ்சது அந்த சைஸ்தான்.

6. பேர் குடுத்தியான்னு உன்னைக் கேக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை உங்க சபையில கடைசி பெஞ்சுல உக்காந்திருப்பேன். வாசிச்சா கேப்பேன். வாசிக்கலைன்னாலும் ஆராதனை முடியற வரைக்கும் எந்திரிச்சுப் போக மாட்டேன்.

ஜெரோம்